மழை மாதங்களில் இரைக் கடையை மூடிவிடலாமா?

கேள்வி: ஐயா, பினாங்கு பத்து மாவுங் கரையோரம் தூண்டில் இரைக் கடை வைத்திருக்கிறேன். செப்டம்பர், அக்டோபர் மழையில் உயிர் இறால் கொத்துக் கொத்தாகச் சாகிறது. நவம்பரில் கடையைச் சாத்திவிட்டு மார்ச்சில் திறக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நவம்பரில் சாத்துவது கிழக்குக் கரையில் திரங்கானு, கிளந்தான் பக்கத்து வழக்கம். அங்கே வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். நமக்குத் தீபகற்ப மலைத்தொடர் மறைப்பாக நிற்கிறது. பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, தூண்டில் போட வசதியான காலம். அதையா விடுவது?

உங்கள் நட்டம் தொட்டிக்குள் இருக்கிறது. ஓர் இறால் 50 சென் என்று 100 வாங்கி, 60 சென்னுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 30 செத்தால் கைக்கு வருவது 42 வெள்ளி (ரிங்கிட்), போட்டதோ 50. ஆள் வந்தும் காசு நிற்காததற்கு இதுதான் காரணம்.

கனமழைக்குப் பிறகு கரையோர நீரில் உப்பு குறைந்துவிடும். அதைத் தொட்டியில் ஏற்றினால் இறால் தாங்காது. வெயில் நாளில், கடல் நீர் நன்றாக ஏறி நிற்கும்போது எடுத்து டிரம்மில் மூடி வையுங்கள். புது நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். தகரக் கூரையடியில் தொட்டி சூடாகும். நீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, மூடியோடு மிதக்கவிடுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரே இரவு மின்தடையில் முழுத் தொட்டியும் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். அழுகினால் அமோனியா ஏறி மற்றதையும் கொல்லும். அப்போதுதான் செத்ததாக இருந்தால் உப்புப் பிரட்டி ஃப்ரீசரில் போடுங்கள். சதை இறுகி, கொக்கியில் நன்றாக நிற்கும். மழை மாதங்களில் இதுவும் கணவாயும் ஈயக்குண்டும் கடையை ஓட்டும். உயிர் இறால் ஒரு நாளில் விற்கும் அளவு போதும்.

அப்புறம், கொள்முதலுக்குச் சனி ஞாயிறை மட்டும் பார்க்காதீர்கள், கடல் நீர் ஏறி இறங்கும் ஓதக் கணக்கையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும், அட்டமி வாக்கில் தணியும். படகில் ஆழத்துக்குப் போகிறவர்கள் பலரும் தணிந்த நாளைத்தான் தேடுவார்கள். கரையில் நிற்கிறவர்கள் நீர் ஏறும் நேரத்துக்கு வருவார்கள், அது நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கடை திறக்கும் நேரத்தையும் அதோடு நகர்த்துங்கள்.

வாங்கியது, விற்றது, செத்தது என்று இரண்டு மாதம் நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். டிசம்பருக்கு எவ்வளவு வாங்கலாம் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.