ஆயில் மூடியில் வெள்ளை நுரை இருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: குன்னூரில் 100 சிசி பைக் ஓட்டுகிறீர்கள், வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சளாக நுரை ஒட்டியிருக்கிறது. மெக்கானிக் ‘ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்’ என்கிறார்.

இந்த நுரை ஆயிலில் தண்ணீர் கலந்ததன் அடையாளம். ஆனால் உங்கள் பைக் ஏர் கூல்டு, அதாவது காற்றால் குளிரும் வண்டி. அதில் ரேடியேட்டரும் இல்லை, கூலண்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லை. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போனால் ஆயில் கசியலாம், கம்ப்ரஷன் குறையலாம். ஆனால் ஆயிலில் கலப்பதற்கு அங்கே தண்ணீரே கிடையாது. இந்த நுரையை மட்டும் காரணமாகச் சொல்லி ஹெட்டைக் கழற்ற தயவுசெய்து விடாதீர்கள்.

அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெட்ரோலிலிருந்தேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் பிரீதர் குழாய் வழியாக வெளியேறிவிடும். குன்னூர் குளிரில் மூன்று கிலோமீட்டரில் ஆயில் எங்கே சூடாகும்? மூடிதான் சீக்கிரம் குளிரும் இடம், அதனால் நுரை முதலில் அங்கே படிகிறது.

இதைச் சரிபார்ப்பது சுலபம். ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தி முதலில் வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் வரும். தெளிவான ஆயில் வந்து, மூடியில் மட்டும் நுரை என்றால் பயமே வேண்டாம். மூடியைத் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறி வாருங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் ஓடவிடுவது பயன் தராது. ஆயில் போதிய அளவு சூடாகாது, ஈரம்தான் கூடும்.

பாட்டிலில் மொத்த ஆயிலும் பால் டீ நிறத்தில் வந்தால் கதை வேறு. வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீரை பிரீதர் பக்கமோ ஆயில் மூடியிலோ அடித்தார்களா, வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று யோசியுங்கள். அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது. முழுவதும் வடித்து, விலை குறைந்த ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு மறுபடி வடியுங்கள். மறுபடியும் வெளுப்பாக வந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். கடைசியாக ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயிலைக் காட்டும் குறி) என்று போட்ட சரியான கிரேடு ஆயிலை ஊற்றுங்கள். கிளட்சும் கியரும் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கின்றன, கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

ரேடியேட்டர் உள்ள ஆர்15, என்எஸ்200, டியூக் வண்டிகளில் பால் நிறம் வந்தால் கூலண்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கேயும் நேராக ஹெட்டுக்குப் போகாதீர்கள், வாட்டர் பம்ப் சீலைப் பாருங்கள். அந்தச் சீல்களுக்கு நடுவே கசிவு வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து சொட்டினால் பெரும்பாலும் சீல்தான். அதை மாற்றும் செலவு, ஹெட்டைக் கழற்றும் செலவைவிட வெகு குறைவு. ஆனால் தள்ளிப்போடாதீர்கள், கூலண்ட் கலந்த ஆயில் பேரிங்கையும் கிளட்ச் பிளேட்டையும் கெடுத்துவிடும்.

நிறம் மாறாமல் வெறும் குமிழி மட்டும் தெரிந்தால், ஆயில் அளவு அதிகமா என்று பாருங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளக்க வேண்டும். காற்றுக் குமிழி அதற்குள் அடங்கிவிடும், தண்ணீர் கலந்த வெளுப்பு அடங்காது. ஊற்றாமலே அளவு ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால், கார்புரேட்டர் உள்ள வண்டியில் பெரும்பாலும் ஃப்ளோட் ஊசி (பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி) மூடாமல் பெட்ரோல் இறங்குகிறது. ஊசியைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஆயில் கறுப்பது சகஜம். வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள் போல உலோகத் துகள் மினுங்கினால்தான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. உங்களுக்கு இப்போதைக்கு பாட்டிலில் என்ன வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்.