எம்மா லிவ்ரியின் பாவாடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 'ழிஸெல்' பாலேயின் ஒளிப்பதிவை அண்மையில் பார்த்தேன். இரண்டாம் அங்கத்தில் வெள்ளுடைப் பெண்கள் வரிசையாக வந்து நின்றபோது மெய்மறந்து போனேன். அந்த உடையைப் பற்றிப் படிக்கத் தேடியபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு பாலே நடனக்காரி எம்மா லிவ்ரியின் கதை கிடைத்தது. தீப்பிடிக்காத துணியை உடுத்த மறுத்தவர், தீயிலேயே இறந்திருக்கிறார். ஒரு பாவாடையின் அழகுக்காக உயிரை விடுவதா? இது அறியாமையா, கர்வமா? இன்னொரு கேள்வி: 'ஸ்வான் லேக்'கில் பாவாடை தட்டுப்போல் விரிந்து நிற்கிறது, இதில் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. ஏன்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

கர்வம் என்பதை நான் ஏற்கமாட்டேன். லிவ்ரியைப் பற்றி எழுதுகிறவர்களில் பலரும் கடைசியில் அந்த இடத்துக்கே வந்து சேருகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பாவாடை மேடையில் என்ன வேலை செய்தது என்பதை அவர்கள் கேட்பதே இல்லை.

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில், காற்றில் உலவும் தேவதை ஒருத்தியைப் பற்றிய 'லா சில்ஃபீட்' என்ற பாலே மேடையேறியது. நடனத்தை அமைத்தவர் பிலிப்போ தால்யோனி, ஆடியவர் அவருடைய மகள் மரி. உடையை எழேன் லாமி வடிவமைத்ததாகச் சொல்வார்கள். தோள் தெரியும் இறுக்கமான மேலுடை, அதன் கீழே மணியின் வடிவில் பல அடுக்கு வெள்ளைப் பாவாடை, முதுகில் சிறு சிறகுகள். உண்மையில் மேலுடையும் இடுப்பும் அன்றைய பாரிஸ் சீமாட்டிகளின் விருந்து உடையை ஒட்டியவைதான். மஸ்லினும் புதியதல்ல. 1734-இலேயே மரி சல்லே லண்டன் மேடையில், வளையங்கள் வைத்த கனத்த பாவாடையை ஒதுக்கிவிட்டு மெல்லிய மஸ்லின் உடையில் ஆடியிருக்கிறார்.

புதியது, அந்தத் துணியும் நடனமும் ஒன்றுக்கொன்று பொருந்திய விதம். நடனக்காரி தாவி எழும்போது பாவாடையும் எழுகிறது. உடல் தரைக்கு வந்த பிறகும் துணி இன்னும் காற்றில் இருக்கிறது, அடுக்கடுக்காக மெல்லத் தாழ்கிறது. அந்த ஒரு கணத் தாமதத்தில்தான் பார்ப்பவரின் கண் ஏமாறுகிறது, அவள் இன்னும் இறங்கவில்லை என்று நம்புகிறது. கெண்டைக்கால் நடுவரை வரும் அந்த நீளத்துக்கும் காரணம் இருக்கிறது. முழங்காலும் தொடையும் படும் பாடு மறைந்துவிடும், விரல்நுனியில் நிற்கும் பாதம் மட்டும் தெரியும். அந்தப் பாதத்தில் இருந்ததோ இன்றைய கெட்டி முனைக் காலணி அல்ல. மெல்லிய சாட்டின் காலணிதான். முனையையும் ஓரங்களையும் நூலால் நெருக்கித் தைத்துக் கொஞ்சம் பலப்படுத்தியிருப்பார்கள். மற்ற பாரத்தையெல்லாம் தாங்கியது கணுக்காலும் விரல்களும்.

இத்தனை மெல்லிய துணி தாராளமாகக் கிடைத்ததற்கு எந்திரங்களும் ஒரு காரணம். கைவேலையாக இருந்த வலைத்துணியை நெய்ய இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1808-09-இல் எந்திரம் கண்டுபிடித்தார். இன்னொரு காரணம் விளக்கு. பாரிஸ் ஓபராவில் 1822-இல் எரிவாயு விளக்கு வந்தது. சுடரைத் தாழ்த்தலாம், உயர்த்தலாம், மேடையில் நிலவொளியையே உண்டாக்கலாம். 1831-இல் 'ராபர்ட் லெ தியாப்ல' ஓபராவில் இறந்த கன்னியாஸ்திரீகள் கல்லறையிலிருந்து வெள்ளுடையில் எழுந்து ஆடிய காட்சி அந்த ஒளியில் நிகழ்ந்ததுதான். நீங்கள் பார்த்து மெய்மறந்த வெண்ணிறம் அந்தக் காட்சியின் வழித்தோன்றல். வெள்ளைத் துணி அந்த வெளிச்சத்தை வாங்கித் தானே ஒளிர்வதுபோல் தெரியும்.

ஆனால் அந்த வெளிச்சம் திறந்த நெருப்பு. 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் உடையில் மேடை விளக்கின் சுடர் பற்றியது, மூன்று நாளில் இறந்தார். 1861-இல் பிலடெல்பியாவில் ஓர் அரங்கின் உடைமாற்றும் அறையில் தொடங்கிய தீ, கேல் சகோதரிகள் உட்படப் பல நடனப் பெண்களைக் கொன்றது.

தீர்வு ஒன்று இருக்கத்தான் செய்தது. கார்த்ரோன் என்பவரின் முறைப்படி, படிக்காரம், வெண்காரம் போன்ற உப்புகள் கரைத்த நீரில் துணியை நனைத்து உலர்த்த வேண்டும். 1859-இல் பிரெஞ்சு அரசு இதைக் கட்டாயமாக்கியது. உப்பேறிய துணி விறைத்தது, நிறம் மங்கியது. கஞ்சி அதிகமாகிவிட்ட பருத்திப் புடவை உடம்போடு வராமல் தனியாக நிற்குமே, அதைப்போல. எழவேண்டிய நேரத்தில் எழாது, மெல்லத் தாழவும் செய்யாது. நான் மேலே சொன்ன அந்தத் தாமதம் போய்விடும். அது போனால் மிஞ்சுவது வெள்ளை உடை போட்ட ஒரு பெண் குதிப்பதுதான்.

லிவ்ரி 1858-இல் பதினாறு வயதில் 'லா சில்ஃபீட்' ஆடி அறிமுகமானவர். அவருக்காகவே மரி தால்யோனி 1860-இல் 'லெ பப்பியோன்' என்ற பாலேயை அமைத்தார், மரி அமைத்த ஒரே பாலே அது. சிறந்த ஆசிரியையிடம் நேரடியாகக் கற்ற பெண்ணுக்கு, துணியின் கனம் கூடினால் தன் கலையில் எது போகும் என்று மிக நன்றாகத் தெரிந்திருந்தது. வழக்கமான பாவாடையிலேயே ஆடுவேன், விளைவுக்கு நானே பொறுப்பு என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

1862 நவம்பர் 15, ஓர் ஒத்திகை. மேடைக்குள் நுழையக் காத்திருந்தபோது அவருடைய பாவாடை எரிவாயுச் சுடரில் பற்றியது. எட்டு மாதம் படுக்கையில் துடித்து, 1863 ஜூலை 26 அன்று, இருபது வயதில் இறந்தார். கருகி எஞ்சிய உடைத் துண்டுகள் பாரிஸ் ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவர் தவறாக முடிவெடுத்தார் என்று நீங்கள் சொல்லலாம், அதில் நியாயம் உண்டு. என் கேள்வி வேறு. உயிரா, கலையா என்று ஓர் இளம் பெண்ணைத் தேர்ந்தெடுக்க வைத்தது யார்? நெருப்பை மூடாமல் வைத்திருந்த அரங்கு, துணியை மட்டும் மாற்றச் சொன்னது. அவர் கையெழுத்திட்ட தாள் யாருடைய பொறுப்பை யார் தலையில் ஏற்றியது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்து பாலே முழுக்க வெள்ளையாக இருந்தது என்றும் எண்ணிவிடவேண்டாம். 1836-இல் ஃபானி எல்ஸ்லர் என்ற நடனக்காரி கச்சூச்சா என்ற ஸ்பானிய நடனத்தை ஆடியது இளஞ்சிவப்பு சாட்டினும் கறுப்பு லேஸும் அணிந்துதான். ழிஸெலின் கதையை உருவாக்கியவர்களில் ஒருவரான தெயோஃபில் கோத்தியேகூட, சில்ஃபீடுக்குப் பிறகு மேடையில் வெள்ளைத் துணி அளவுமீறிப் போய்விட்டது என்று குறைப்பட்டிருக்கிறார். 1838-இல் கடலூருக்கு அருகிலுள்ள திருவேந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் குழு ஒன்று பாரிஸ் சென்று ஆடியபோது, அமனி என்ற நடனக்காரியைப் பற்றி உருகி எழுதியவரும் அவரே. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே மரி தால்யோனி பாரிஸ் ஓபராவில் இந்திய நடனப்பெண்ணாக வேடமிட்டிருந்தார். தால்யோனிக்கு வெண்கலச் சிலை செய்த சிற்பி பார், அமனிக்கும் ஒன்று செய்தார். இதைப்பற்றி விரிவாகத் தனியே எழுதவேண்டும்.

உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில் எளிது. 1880-களில் இத்தாலிய நடனக்காரிகள் ரஷ்யா சென்றார்கள். அவர்களுடைய வேகமான சுழற்சிகளுக்கும் நுட்பமான கால்வேலைக்கும் நீண்ட பாவாடை இடைஞ்சல். 1885-இல் பீட்டர்ஸ்பர்க்கில் விர்ஜீனியா சுக்கி குட்டைப் பாவாடைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முழங்காலையும் தொடையையும் மறைக்கவேண்டிய தேவை போய், காட்டவேண்டிய தேவை வந்தது. ஆனாலும் 1895-இன் 'ஸ்வான் லேக்'கில்கூட பாவாடை முழங்கால் அளவுக்குத் தாழ்ந்துதான் இருந்தது. நீங்கள் பார்த்த தட்டையான வடிவம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது.