மெயின்சேல் மாற்றுவது பற்றி: கேள்வி பதில்

சின்னப் பாய்மரப் படகுக்குப் புது மெயின்சேல் (மாஸ்ட் எனும் பாய்மரத்துக்குப் பின்னால் விரியும் முதன்மைப் பாய்) வாங்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

ஹூஸ்டனிலிருந்து: அண்ணா, 22 அடிப் படகு, கால்வெஸ்டன் வளைகுடாவில் ஓட்டுகிறேன். பாய் ரொம்பப் பழசு, ஆனால் கிழிசல் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

கிழியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேக்ரான், அதாவது பாய் தைக்கும் பாலியஸ்டர் துணி, கிழிவதற்கு வெகு நாள் முன்பே இழுபட்டுத் தொய்ந்துவிடும். மிதமான காற்றில் பூமுக்கு (பாயின் அடிவிளிம்பு நெடுகக் கிடைமட்டமாக நீளும் கழி) நடுவில் கீழே உட்கார்ந்து அண்ணாந்து ஒரு போட்டோ எடுங்கள். பாயின் வயிறு, அதாவது மிக ஆழமான இடம், முன்விளிம்பிலிருந்து 40 முதல் 50 சதவீதத் தூரத்தில் இருக்க வேண்டும். ஹாலியார்டை, அதாவது பாயை ஏற்றும் கயிற்றை, நன்றாக இறுக்கிய பிறகும் வயிறு பின்னாலேயே நின்றால் பாய் ஓய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட பாயோடு காற்று கொஞ்சம் ஏறினாலே படகு அளவுக்கு மீறிச் சாயும், டில்லர் (சுக்கானின் கைப்பிடி) கையைப் பிடுங்கும், வேகம் மட்டும் வராது. பலர் இதைப் படகின் குணம் என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

அப்புறம் தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நூல் பொடிந்தால் அது வெயில் செய்த வேலை. தையல் மட்டும் போயிருந்தால் மறுதையல் போதும். வயிறு நகர்ந்திருந்தால் புதுசுதான்.

சென்னையிலிருந்து: பழைய பாயைத் தரையில் விரித்து அளந்து அனுப்பினால் போதுமா சார்?

போதாது. தொய்ந்த பாயை அளந்தால் தொய்வையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். படகை அளங்கள். மெயின் ஹாலியார்டின் ஷேக்கிளில் (முனையிலுள்ள பூட்டு வளையம்) எஃகு டேப்பின் வளையத்தை மாட்டுங்கள், கூடவே ஒரு மெல்லிய கயிற்றையும் கட்டிவிடுங்கள், திரும்பக் கீழே இழுக்க அது வேண்டும். பாய் எவ்வளவு உயரம் ஏறுமோ அவ்வளவு ஏற்றிவிட்டு, பூமின் மேல்பக்கம் வரை டேப்பைப் படியுங்கள். அந்த அளவுக்குப் பெயர் பி. மாஸ்ட்டின் பின்பக்கத்திலிருந்து பூம் முனையில் பாயின் எல்லையைக் காட்டும் கருப்புப் பட்டை வரை உள்ள நீளம் இ. பட்டை இல்லாவிட்டால் அவுட்ஹால் (பாயின் பின்மூலையை இழுக்கும் கயிறு) எவ்வளவு தூரம் இழுக்குமோ அதுவரை. பி 6.4 மீட்டர், இ 2.9 மீட்டர் என்றால் பெருக்கிப் பாதியாக்குங்கள், ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். பின்விளிம்பின் வளைவு இதற்கு மேல் வரும், அது பேக்ஸ்டேயில் (மாஸ்ட்டைப் பின்னாலிருந்து பிடிக்கும் கம்பி) இடிக்குமா என்றும் பாருங்கள். மாஸ்ட் பள்ளத்தின் அகலம், டாக் பின் (பாயின் முன்மூலையை மாட்டும் ஆணி) எவ்வளவு உள்ளே இருக்கிறது, பாய் ஏறுவது ஸ்லைடிலா (பள்ளத்தில் நழுவும் சிறு துண்டுகள்), விளிம்பில் தைத்த கயிற்றிலா, இதெல்லாம் எழுதி அனுப்பாமல் பணம் கட்டாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து: பந்தயப் படகுகளில் மைலார் லேமினேட் (பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அடுக்குத் துணி) போடுகிறார்களே, 21 அடிப் படகுக்கு அதையே வாங்கலாமா?

வேண்டாம். வடிவம் அருமையாக நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் அடுக்குகள் பிரியும், பூஞ்சை உள்ளே புகும், சாகும்போது சொல்லாமல் சாகும். நெருக்கமாக நெய்த நல்ல டேக்ரான், கிராஸ்கட் (துணிப் பட்டைகளைக் குறுக்காக வைத்துத் தைத்தது), 5 அவுன்ஸ் போதும். அது பாய்க்காரர்களின் அவுன்ஸ், சதுர மீட்டருக்குச் சுமார் 214 கிராம். எந்தத் துணியானாலும் கரைக்கு வந்ததும் உறை போடுங்கள், பாயைக் காற்றில் படபடவென அடிக்க விடாதீர்கள்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: லேசருக்கு (ஒருவர் ஓட்டும் சின்னப் பந்தயப் படகு) நகல் பாய் மலிவாகக் கிடைக்கிறது.

பயிற்சிக்கு வாங்குங்கள். இல்கா 7 (லேசரின் இப்போதைய பெயர்) பந்தயத்துக்கு அந்தப் படகு வகுப்பின் சங்கம் அங்கீகரித்த 7.06 சதுர மீட்டர்ப் பாய்தான் செல்லும்.

டொராண்டோவிலிருந்து: 23 அடி. முழு பேட்டனா, குட்டை பேட்டனா?

பேட்டன் என்பது பாயின் பைகளில் செருகும் விறைப்பான பட்டி, முழுசு என்றால் பின்விளிம்பிலிருந்து முன்விளிம்பு வரை நீளும். இந்த அளவுப் படகுக்குக் குட்டை பேட்டன் போதும். மேலே இரண்டு முழுசு, கீழே இரண்டு குட்டை என்றாலும் நல்லதே.

ஹூஸ்டன் நண்பர் மறுபடி: இதில் எனக்கு உடன்பாடில்லை. முழு பேட்டன் போட்டால் பாய் படபடக்காது, ஆயுள் கூடும். நீங்களே படபடக்க விடாதே என்கிறீர்கள்.

ஆயுள் கூடும், மறுக்கவில்லை. ஆனால் முழு பேட்டன் முன்விளிம்பை மாஸ்ட்டோடு அழுத்துகிறது. பழைய பிளாஸ்டிக் ஸ்லைடுகள் அந்த அழுத்தத்தில் சிக்கிக்கொள்ளும், காற்று ஏறி அவசரமாகப் பாயை இறக்க வேண்டிய நேரத்தில் இறங்காது.

டொராண்டோ: என் நண்பர் படகில் அப்படித்தான் பாதியில் நின்றது.

ஹூஸ்டன்: ஸ்லைடை மாற்றினால் தீர்ந்தது.

தீரும், செலவும் கூடும். அப்புறம் இன்னொன்று இருக்கிறது. ஷீட்டை, அதாவது பூமை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, தளர்த்தினால் குட்டை பேட்டன் பாய் முன்விளிம்பில் துடித்துச் சக்தியை விட்டுவிடும். முழு பேட்டன் பாய் வயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய காற்றில் திரும்பும்போது கீழ் பேட்டன்கள் மறுபக்கம் வளையாமல் அடம்பிடிக்கும், பூமைக் குலுக்க வேண்டியிருக்கும். காற்றோடு ஓடும்போது பேட்டன் பைகள் ஷ்ரௌடில் (மாஸ்ட்டைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) உரசித் தேயும். நங்கூரமிட்டு நாள்கணக்கில் பயணிக்கும் பெரிய படகுக்கு முழு பேட்டன் போடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டும் படகுக்கு அந்தப் பணத்தில் ஆழமான ஒரு ரீஃப் (காற்று ஏறும்போது பாயைச் சுருக்கிக் கட்டும் ஏற்பாடு) போடச் சொல்வேன்.

ஹூஸ்டன்: சரி, மேலே இரண்டு முழுசுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

கொச்சியிலிருந்து: என் படகின் மாடல் பெயரைச் சொன்னால் பாய் அளவு சொல்வீர்களா?

மாட்டேன். ஒரே மாடலில் மாஸ்ட் மாறியிருக்கும், பூமை யாரோ வெட்டியிருப்பார்கள். டேப்பை எடுங்கள்.

மும்பையிலிருந்து: இணையத்தில் என் மாடலுக்கு அளவுப் பட்டியல் இருக்கிறது, அது போதும்தானே?

மேலே இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன். படகை அளங்கள்.

பாண்டிச்சேரியிலிருந்து: ஜிப் பாயும் (முன்பாய்) சேர்த்து மாற்றலாமா?

ஜிப்புக்கு ஃபோர்ஸ்டே (மாஸ்ட்டை முன்னாலிருந்து பிடிக்கும் கம்பி) நீளமும் ஷீட் இழுக்கும் கோணமும் வேண்டும், அதைப் பாய் தைப்பவரிடம் நேரில் பேசுங்கள்.

டொராண்டோ: அந்த ரீஃப் எவ்வளவு ஆழம்? பூமோடு அடிவிளிம்பைக் கட்ட வேண்டுமா?

ஒரே ரீஃப் என்றால் முன்விளிம்பில் ஐந்தில் ஒரு பங்காவது குறைய வேண்டும், அதற்குக் குறைந்தால் கட்டிய வித்தியாசமே தெரியாது. அடிவிளிம்பைக் கட்ட வேண்டாம், முன்மூலையும் பின்மூலையும் போதும். அவுட்ஹாலை இழுத்தால் அடியில் பாய் உடனே தட்டையாகும், ரீஃப் கட்டும்போது கயிறும் துணியும் பள்ளத்தில் சிக்காது. ஆர்டரிலேயே இரண்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், தைத்து வந்த பிறகு சேர்த்தால் கூலி அதிகம்.