"ஸ்கிட்" என்று திட்டினால் என்ன அர்த்தம்? (கேள்வி பதில்)

செங்காங்கைச் சேர்ந்த பாலிடெக்னிக் மாணவர்: அண்ணே, கூட்டாளி என்னை "ஸ்கிட்" என்கிறான். எங்கிருந்து வந்த வார்த்தை?

"ஸ்க்ரிப்ட் கிட்டி"யின் சுருக்கம், தம்பி. அடுத்தவர் எழுதிய நிரலை ஒன்றும் புரியாமல் ஓட்டிவிட்டு, ஹேக்கர் என்று மார்தட்டுகிறவருக்கு 1990களில் ஒட்டிய பெயர். "கிட்டி" என்றால் சின்னப்பயல், அதுவும் கிண்டலுக்குத்தான். நாற்பது வயதிலும் கிட்டி உண்டு. 1993இல் தொடங்கிய பக்ட்ராக் மின்னஞ்சல் குழுவில் மென்பொருள் ஓட்டைகளைப் பற்றிய விவரத்தோடு அவற்றை உடைக்கும் நிரலும் வரும். அள்ளிக்கொண்டு போனவர்கள் பெருகவும், எழுதியவர்களில் சிலர் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்து வெளியிட்டார்கள். சி மொழி தெரிந்தவன் சரிசெய்துகொள்வான். தெரியாதவன் "ஓடலையே" என்று கேட்டு மாட்டிக்கொள்வான். ஓட்டுபவனின் கோப்புகளையே அழிக்கும் கட்டளையை, பார்த்தால் புரியாத எண்குவியலான ஷெல்கோடுக்குள் ஒளித்துவைத்த விஷமிகளும் உண்டு.

உட்லண்ட்ஸ் வாசகர்: வைஃபை பாஸ்வேர்டு எடுக்க ஆப்?

சொந்த ரவுட்டரில் மட்டும் கைவையுங்கள்.

ஜூரோங் அம்மா: மகன் கணினி விளையாட்டில் எய்ம்பாட் (தானாகக் குறிபார்த்துச் சுடும் நிரல்) போடுகிறான். அவனும் ஹேக்கரா?

இல்லை அக்கா, ஏமாற்றுகிறான், அவ்வளவுதான். அந்தக் கோப்போடு வந்த குறிப்பைப் படித்துப் பாருங்கள். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்றிருந்தால் கடவுச்சொல் திருடும் நிரலும் கூடவே வந்திருக்கலாம். வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்காதீர்கள்.

பிடோக் வாசகர்: நீங்களும் மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற ஆயத்த ஹேக்கிங் கருவியைத்தானே ஓட்டுகிறீர்கள்? நீங்கள் மட்டும் கிட்டி இல்லையா?

கருவியைத் தொட்டாலே கிட்டி என்றால் கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கும் இந்தத் தொழிலில் யாருமே மிஞ்ச மாட்டோம். நான் வாடிக்கையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குகிறேன். சர்வர் விழுந்தால் ஏன் விழுந்தது என்று சொல்ல வேண்டியவனும் நான்தான்.

அதே வாசகர்: அனுமதி சட்டப் பிரச்சினை. நான் கேட்டது திறமையை.

சரியான பிடி. அனுமதியோடு கிட்டியாக இருப்பவர்கள் உண்டு. ஓட்டை தேடும் ஸ்கேனர் நிரல் கக்கியதை அப்படியே அறிக்கையாக நீட்டுவார்கள். ஆனால் திறமை குறைவு என்றால் சேதமும் குறைவு என்று நினைக்காதீர்கள். 2000 பிப்ரவரியில் யாகூ, ஈபே, சிஎன்என் தளங்களை முடக்கிய கனடாக்காரன் "மாஃபியாபாய்"க்கு அப்போது வயது 15.

தெம்பனிஸ் வாசகர்: பக்கத்து வீட்டு வைஃபை...

மேலே பாருங்கள். சிங்கப்பூரின் கணினி முறைகேட்டுச் சட்டம், 1993: அனுமதியின்றி நுழைந்தால் முதல் தடவைக்கே $5,000 வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் செய்யும் நோக்கத்தோடு கருவியை வாங்கி வைத்திருப்பதையும் 2017 திருத்தம் குற்றமாக்கிவிட்டது.

சுவா சூ காங் வாசகர்: வைஃபைக்கு...

அடுத்தவர் கேளுங்கள்.