காது அடைப்புதான் என்று அனுப்பிவிட்டார்கள்: வாசகர் கேள்விகள்

காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களிடம் தங்களுக்கு நேர்ந்த நல்லதையும் கெட்டதையும் எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஆறுக்கு, இத்துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் மருத்துவர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: ஒருநாள் காலையில் எழுந்தபோது என் வலது காது அறவே கேட்கவில்லை, பஞ்சை வைத்து அடைத்தாற்போல் இருந்தது, கூடவே ஓர் இரைச்சலும் இருந்தது. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சளி அடைப்பு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து வேறொரு மருத்துவர் என் நெற்றியில் ஒரு கம்பியை வைத்துப் பார்த்ததும் உடனே ஸ்டீராய்டு தொடங்கினார். பாதிதான் திரும்பியது. இது என் விதியா, முதல் மருத்துவரின் தவறா?

பதில்: விதியல்ல. செய்திருக்க வேண்டிய ஒரு பரிசோதனை விடுபட்டுப்போயிருக்கிறது. மழுப்பாமல் சொல்வதானால், திடீரென ஒரு காது கேட்காமல் போய் வந்தவரை, இசைக்கவையால் சோதிக்காமலும், கேட்புத்திறனை அளந்து வரையும் ஆடியோகிராம் எடுக்காமலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் நெற்றியில் வைத்த கம்பிதான் இசைக்கவை. நொடிக்கு 512 முறை அதிரும் அந்தக் கவையைத் தட்டி நடுநெற்றியில் ஊன்றினால், அதன் ரீங்காரம் எலும்பின் வழியாக இரண்டு உள்காதுகளையும் சென்றடையும். குரும்பியோ சளியோ அடைத்திருந்தால், கேட்காத காதின் பக்கமே அந்த ஒலி உரக்கக் கேட்கும். உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால், நல்ல காதின் பக்கம் ஒதுங்கிவிடும். அரை நிமிட வேலைதான் இது. கவை கையில் இல்லாதபோது, நோயாளியை வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லி, எந்தக் காதில் கேட்கிறது என்று விசாரித்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும்.

உள்காதோ நரம்போ காரணமாக, மூன்று நாள்களுக்குள் கேட்புத்திறன் சரிந்தால் அது அவசர நோய். ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஆறு வாரம் வரை, செவிப்பறையின் வழியாக நடுக்காதில் ஊசி போட்டுப் பார்க்கும் வழி உண்டு. உடனே தொடங்கியிருந்தால் முழுவதும் திரும்பியிருக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது: சிலருக்கு மருந்தே இல்லாமல் திரும்புகிறது, சிலருக்கு முதல் நாளே கொடுத்தும் திரும்புவதில்லை. ஆனால் அந்த வாய்ப்பு உங்கள் கையைவிட்டுப் போனது உண்மை, உங்கள் வருத்தமும் நியாயமானது. ஒரு பக்கக் காது மட்டும் இப்படிப் பாதிக்கப்படும்போது, கேட்பு நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று எம்ஆர்ஐ எடுத்து உறுதிசெய்துகொள்வது வழக்கம். உங்களுக்கு எடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றையும் செய்யும்படி வேண்டுகிறேன். ஆடியோகிராமின் நகலோடு முதல் மருத்துவரை ஒருமுறை பாருங்கள், சண்டைக்காக அல்ல. திரும்பி வராத நோயாளிகள் எல்லோரும் குணமாகிவிட்டார்கள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விட்டது எது என்பதை யாராவது வந்து சொன்னாலொழிய எங்களுக்குத் தெரிய வழியில்லை.

கேள்வி: காதைப் பீய்ச்சிக் கழுவியபோது அறையே சுழன்று, அங்கேயே வாந்தி எடுத்துவிட்டேன். காதுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது என்ற பயம் இன்னும் போகவில்லை.

பதில்: செவிப்பறை கிழிந்திருந்தால் வலி, இரத்தக் கசிவு, கேட்புக் குறைவு போன்றவை பெரும்பாலும் தெரிந்திருக்கும், ஆயினும் ஒருமுறை காட்டி, பறை முழுமையாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பயம் தீர அதுவே வழி. சுழற்சிக்குப் பெரும்பாலும் காரணம் நீரின் வெப்பநிலைதான். உடலின் வெப்பமான 37 டிகிரியைவிடக் குளிர்ந்த நீரோ சூடான நீரோ காதுக்குள் பாய்ந்தால், பக்கத்தில், தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாயின் திரவம் அசையத் தொடங்கி, தலை திரும்புவதாக மூளையை ஏமாற்றிவிடும். என் பயிற்சிக் காலத்தில் நானும் அவசரத்தில் ஆறிப்போன நீரால் ஒரு முதியவரின் காதைக் கழுவினேன். என் சட்டைக் கையை அவர் பற்றிக்கொண்ட அந்தப் பிடியை இன்றும் நான் மறக்கவில்லை. அதன்பின் நீரைச் சோதிக்காமல் பீய்ச்சியதே இல்லை. கழுவும் முன் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: முன்பு காதில் ஓட்டை இருந்ததா, சீழ் வடிந்ததா, அறுவைச் சிகிச்சை நடந்ததா என்று. அப்படி இருந்தால் நீருக்குப் பதிலாக உறிஞ்சுகுழாயால் குரும்பியை எடுப்பார்கள். அதன் இரைச்சல் பலமாக இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குபவர் நல்ல மருத்துவர்.

கேள்வி: காதில் ஓயாத ரீங்காரம். ‘இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, பழகிக்கொள்ளுங்கள்’ என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை.

பதில்: அந்த வாக்கியத்தை எங்கள் துறையிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ரீங்காரத்தை அடியோடு நிறுத்தும் மாத்திரை இல்லை என்பது உண்மை. அதிலிருந்து ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்ற முடிவுக்குத் தாவுவது பொய். முதலில் கேட்புத்திறனை அளக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு ரீங்காரத்தின் பின்னால் கேட்புக் குறைவு ஒளிந்திருக்கிறது. அவர்களுக்குக் காதுக் கருவி பொருத்தினால், வெளி ஒலிகள் திரும்பி வர வர ரீங்காரம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்த ஒலி நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ ஒரே காதில் மட்டும் கேட்டாலோ ஸ்கேன் தேவைப்படலாம். இரவின் நிசப்தத்தில்தான் அது பேருருவம் எடுக்கும் என்பதால், படுக்கையருகே மின்விசிறியோ மழை ஒலியோ மெல்ல ஓடிக்கொண்டிருக்கட்டும். ரீங்காரத்தைப் பற்றிய அச்சத்தையும் தூக்கமின்மையையும் குறைக்க, உளவியல் சிகிச்சை நன்றாக உதவுகிறது. இவற்றைப் பொறுமையாக விளக்கும் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகளின் டான்சிலை உடனே எடுக்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர், காத்திருக்கலாம் என்கிறார் மற்றொருவர். யாரை நம்புவது?

பதில்: எத்தனை முறை, எப்போது என்று உங்களிடம் விசாரித்தவரை. ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 3 முறை, காய்ச்சலோ கழுத்தில் நெறிகட்டுதலோ சேர்ந்த தொண்டை அழற்சி வந்திருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அதற்குக் குறைவென்றால் பொதுவாகக் காத்திருக்கலாம். உறக்கத்தில் மூச்சுத் திணறி விழிக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அது தனிக் காரணம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொண்டையில் படியும் வெண்படலத்தையும் காதுவலியையும் கண்டு பதறும் பெற்றோர் பலர், இரண்டும் இயல்பானவை. ஆனால் 5 முதல் 10 நாள்களுக்குள் அந்தப் படலம் உரியும்போது இரத்தம் வரக்கூடும், வந்தால் சற்றும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதை எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால், எழுதித் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தை நான்கு மாதமாக விடுகிறேன், விட்டால்தான் மூச்சே வருகிறது.

பதில்: இப்போது அடைப்பை உண்டாக்குவதே அந்த மருந்துதான். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் இவ்வகைச் சொட்டை ஐந்து நாள்களுக்கு மேல் விடக் கூடாது. ஸ்டீராய்டு ஸ்பிரேயின் துணையோடு, மருத்துவரின் மேற்பார்வையில் முதலில் ஒரு துவாரத்திலும் பின்பு மற்றதிலும் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: படுக்கையில் புரண்டாலே சுற்றுகிறது என்று என் அம்மா எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். ஒரு மருத்துவர் தலையைத் திருப்பிப் படுக்கவைத்து, புரட்டி, உட்காரவைத்தார். ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. இது நம்பக்கூடியதா?

பதில்: தாராளமாக நம்பலாம். உள்காதில் சமநிலையைக் காக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் சில வேளைகளில் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் உருண்டுவிடுகின்றன. தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியே உருட்டிவிடுவதுதான் அந்த மருத்துவர் செய்தது. ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1980இல் இதை எடுத்துக்காட்டியபோது சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1992இல்தான் அது ஆய்விதழில் அச்சேறியது. எட்டு மாதம் மாத்திரை கொடுத்தவர் ஒருமுறையேனும் உங்கள் அம்மாவைப் படுக்கவைத்து, கண்கள் துடிக்கின்றனவா என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இனி அந்த மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று இந்த மருத்துவரிடமே கேளுங்கள். ஓரிரு நாள் நடையில் தள்ளாட்டம் இருக்கலாம், எழுந்து நடக்கும்போது கூட இருங்கள். சுற்றல் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மீண்டும் வரக்கூடும். வந்தால் பழைய மாத்திரையைத் தேடாமல், அதே ஐந்து நிமிடத்துக்காக அவரிடமே அழைத்துச் செல்லுங்கள்.