பாபின் லேஸும் கடைசல் மரமும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பாபின் என்னும் நூல் சுற்றிய சிறு குச்சிகளைக் கொண்டு பின்னும் பாபின் லேஸை ஓய்வு நேரக் கைவேலையாக அறிமுகப்படுத்தியிருந்தோம். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பகுதி செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. பாபினை எந்தப் பொருளில் செய்வது என்பதே பலருடைய கேள்வியாக இருப்பதால், இந்தப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஆச்சி, நான் சிறு வயது முதல் குரோஷா பின்னி வருகிறேன். சீர் வைக்கும் ஓலைக் கொட்டான்களுக்கு ஓரப் பின்னல் போடுவதும் உண்டு. ஒரு கொக்கி ஊசியில் முடிகிற வேலைக்கு இத்தனை பாபின்கள் எதற்கு?
– தேவகோட்டை வாசகி

இரண்டும் லேஸ் என்று அழைக்கப்பட்டாலும் வேலை முறை முற்றிலும் வேறு. குரோஷாவில் ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக ஓடுகிறது. ஆந்திரத்து நரசாப்பூர் லேஸும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பாபின் லேஸோ நெசவுக்கு நெருங்கிய உறவு. வைக்கோலை இறுக அடைத்த திண்டின்மேல் துளையிட்ட மாதிரி அட்டையைப் பொருத்தி, நூல்களைக் குண்டூசிகளில் தொங்கவிட்டு, ஒவ்வொரு நூலின் நுனியையும் ஒரு பாபினில் சுற்றிக்கொண்டு, இரண்டிரண்டு ஜோடிகளாகக் கையில் எடுத்துப் பின்ன வேண்டும். நான்கு பாபின்களில் நடு இரண்டை இடது வலதின் மேலாக மாற்றுவது குறுக்கிடுதல். ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேலாக மாற்றுவது முறுக்குதல். அடிப்படை அசைவுகள் இவ்விரண்டே. துணி போன்ற அடர்ந்த பகுதியும், வலை போன்ற மெல்லிய பகுதியும் இவற்றை மாற்றி மாற்றிச் செய்வதால் கிடைக்கின்றன.

ஆகவே பாபின் என்பது வெறும் நூற்கட்டை அன்று. நூலைச் சேமித்து வைப்பது, விரலுக்குப் பிடியாக இருப்பது, தன் எடையால் நூலைத் தளராமல் இழுத்து வைப்பது ஆகிய மூன்று வேலைகளையும் அதுவே செய்கிறது. மூன்றாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாபினுக்குப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைவில் இருக்க வேண்டியது அந்த எடைதான்.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியிலும் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் வளர்ந்த இந்தக் கலை நமக்கு அந்நியமானதும் அன்று. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவில் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா கால்டுவெல் அதைத் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். ரேந்தை என்ற பெயரில் தென்கோடியில் வாழ்ந்த வேலை, செட்டிநாட்டுப் பெண்களின் கையில் ஏறுவதற்குத் தடை ஒன்றும் இல்லை.

எங்கள் பழைய வீட்டைப் பராமரித்தபோது கழித்த பர்மா தேக்குத் துண்டுகள் நிறைய இருக்கின்றன. ஈட்டி மரத்திலும் சில துண்டுகள் உண்டு. நூறு வருடத்து மரம் என்பதால் தேக்கிலேயே பாபின் கடைந்துகொள்ள விரும்புகிறேன். சரியாக வருமா?
– கானாடுகாத்தான் வாசகி

தேக்கு வேண்டாம் என்றே சொல்வேன். தூணுக்கும் நிலைக்கும் தேக்கை மிஞ்சிய மரம் இல்லை. அதில் உங்கள் பெருமை நியாயமானது. ஆனால் பாபினில் நூல் சுற்றும் கழுத்து ஒரு தீக்குச்சியைவிடச் சற்றுத்தான் தடிமனாக இருக்கும். தேக்கில் ஆண்டு வளையத்துக்கு வளையம் துளைகள் பெரிதாகவும் இழை முரடாகவும் இருப்பதால், அவ்வளவு மெல்லியதாகக் கடையும்போது ஓரம் பிசிறும். அந்தப் பிசிறு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பருத்தி நூலுக்குத் தெரிந்துவிடும். நூலை ஒவ்வொரு முறை விடுவிக்கும்போதும் ஒரு இழை மாட்டிக்கொண்டு வெளுத்த பஞ்சாக எழும்பும்.

உங்களிடம் உள்ள ஈட்டித் துண்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தோதகத்தி என்று நம் ஆசாரிமார் சொல்லும் அந்த மரம் கனமானது. இழை நெருக்கம் தேக்கைவிட அதிகம். கடைந்த பின் வழுவழுப்பாக நிற்கும். கருங்காலி அதைவிடவும் நெருக்கமானது, கனமும் கூடியது. முதிரை என்றும் பொரசு என்றும் அழைக்கப்படும் மஞ்சள் நிற மரம் பழைய வீடுகளிலிருந்து கிடைத்தால் அதுவும் மிக நல்லது, பட்டு போன்ற மினுக்கம் தரும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும் என்பதால், கடைபவர் முகத்தையும் கையையும் மூடிக்கொள்ள வேண்டும்.

விலை உயர்ந்த மரம்தான் சிறந்த பாபின் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. கொல்லையில் வெட்டிய கொய்யா, விளா, எலுமிச்சைக் கிளைகளில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான நெருக்கமான மரம் கிடைக்கும். இங்கிலாந்தின் லேஸ் மாவட்டங்களிலும் பிளம் போன்ற பழ மரங்களே பெரிதும் பயன்பட்டன. சன்னபட்டணத்து மரப் பொம்மைகளுக்கு உதவும் வெட்பாலையும் வெளிர் நிறத்தில் சீராகக் கடைபடும். பச்சைக் கிளையாக இருந்தால் இரு முனைகளிலும் மெழுகு தடவி, நிழலில் பல மாதங்கள் காயவிட்ட பிறகே பட்டறைக்குக் கொண்டு போகவும். சித்திரை வெயிலில் வைத்தால் நெடுக வெடித்துவிடும்.

நூலைப் பொறுத்தும் மரம் மாறும். சற்றுத் தடித்த பருத்தி நூலுக்கு ஈட்டி, கருங்காலி போன்ற கனமான மரம் பொருந்தும். நூல் நன்றாக இறுகி நிற்கும். தலைமுடி போன்ற நூலுக்கு அதே கனம் ஆபத்து. வெட்பாலை போன்ற இலேசான மரத்துப் பாபின்களே அதற்கு உகந்தவை. எந்த மரமானாலும் ஒரு ஜோடியின் இரண்டு பாபின்களும் ஒரே எடையில் இருக்க வேண்டும். ஜோடிக்கு ஜோடி மரம் மாறினால் கேடில்லை. ஒரே ஜோடிக்குள் ஒன்று கனமாகவும் மற்றது இலேசாகவும் இருந்தால் பின்னல் ஒரு பக்கமாகச் சாயும்.

செஞ்சந்தனத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் சிவப்புச் சாயம் வியர்வை பட்டால் வெள்ளை நூலில் ஏறும்.

அம்மா, காரைக்குடியில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். தொட்டில் கட்டை, கட்டில் கால், பம்பரம் என்று கடைந்து பழகியவன். ஒரு வாடிக்கையாளர் லேஸ் பாபின் ஐம்பது கேட்கிறார். அளவும் செய்முறையும் சொன்னால் உதவியாக இருக்கும்.
– காரைக்குடி வாசகர்

இந்தக் கடிதம் கண்டு மிக மகிழ்ந்தேன். பின்னுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், நல்ல கடைசல்காரர் இல்லாமல் இந்தக் கலை ஓர் ஊரில் வேர் பிடிக்காது.

இங்கிலாந்தின் மத்தியப் பகுதிப் பாபினை மாதிரியாகக் கொள்ளலாம். மொத்த நீளம் 10 சென்டிமீட்டர், உடலின் தடிமன் 6 மில்லிமீட்டர். மேலே சிறிய உருண்டைத் தலை. அதன் கீழே நூலின் சுருக்கு மாட்டுவதற்கு ஒரு சிறு பள்ளம். பள்ளத்துக்குக் கீழே ஒரு மெல்லிய வளையம். அதற்கும் கீழே 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரை நூல் சுற்றும் கழுத்து. கழுத்து 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் முறியும், மிகவும் கூடினால் நூல் அதிகம் கொள்ளாது. உடலில் வரியும் மணியும் உங்கள் விருப்பப்படி போடலாம். கட்டில் காலில் போடும் அதே கைவரிசையைச் சிறிதாக்கினால் போதும். அடிமுனையில் மணி வளையக் கம்பி கோக்க 1.5 மில்லிமீட்டர் துளை.

கட்டையை அறுக்கும்போது இழை நெடுக நேராக ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இழை சாய்ந்து ஓடினால் கழுத்தைக் கடையும்போதே ஒடிந்துவிடும். அப்போது தப்பினாலும் பின்னுபவர் கையில் ஒடியும். முதலில் உடலையும் தலையையும் முடித்துவிட்டுக் கழுத்தைக் கடைசியில் இறக்குங்கள். பிறகு 240, 400 எண் உப்புத்தாள்களால் தேய்த்து, அதே மரத்தின் சீவலைக் கைநிறைய எடுத்து, ஓடுகிற கட்டையின்மேல் அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சூட்டிலேயே மினுக்கம் வந்துவிடும். எண்ணெய் தடவ வேண்டாம், நூலில் கறை படியும். அரக்கு வண்ணம் ஏற்ற விரும்பினால் உடலோடு நிறுத்திக்கொள்ளவும். கழுத்தில் ஏற்றினால் நூல் வழுக்கிச் சுருக்கு நழுவும்.

முடித்த பாபினை 'வாயில்' என்னும் மெல்லிய துணிப் புடவையின் நைந்த துண்டில் வைத்து மேலும் கீழும் உருவிப் பாருங்கள். எங்காவது துணி சிறிதளவு மாட்டினாலும் அந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டும். தலைக்குக் கீழே உள்ள பள்ளம்தான் பெரும்பாலும் மாட்டும் இடம், உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி அங்கே செலுத்துங்கள்.

வாடிக்கையாளர் 'ஹோனிட்டன்' என்ற ஆங்கிலேய லேஸுக்கான வகை கேட்டால் வடிவம் மாறும். அதில் முடிந்த பகுதியின் ஓரத் துளை வழியாக ஒரு நூலைக் கண்ணியாக இழுத்து, அந்தக் கண்ணிக்குள் மற்றொரு நூலின் பாபினையே நுழைத்து இணைப்பார்கள். ஆதலால் வரி, புடைப்பு எதுவும் இன்றி, அடிமுனை கூராகவும் துளை இல்லாமலும், உடல் இன்னும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

எங்கள் பெட்டகத்தில் உடைந்த தந்தத் தாயக்கட்டைகள் கிடக்கின்றன. ஐரோப்பாவில் எலும்பிலும் தந்தத்திலும் பாபின் செய்ததாகப் படித்தேன். இவற்றைக் கடைந்துகொள்ளலாமா?
– பள்ளத்தூர் வாசகி

கூடாது. யானைத் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாட்டன் காலத்துப் பொருளென்று தந்தத்தை விட்டுவிடுவதில்லை. தாயக்கட்டை தாயக்கட்டையாகவே இருக்கட்டும். அதைப் பட்டறைக்கு அனுப்பிக் கடைபவரையும் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

எலும்பின் கதை வேறு. இங்கிலாந்தில் கால்நடைகளின் கால் எலும்பை வேகவைத்துக் கொழுப்பு நீக்கி, கடைந்து, பாபினாக்கினார்கள். மரத்தைவிடக் கனம், உபயோகிக்க உபயோகிக்க வழவழப்பு ஏறும். அந்த எலும்புப் பாபின்களில் சிறு சிறு குழிகளாகத் துளையிட்டு, சிவப்பும் நீலமும் நிரப்பி, பெயர்களையும் தேதிகளையும் எழுதி வைத்தார்கள். நாம் சீர்ப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவதைப் போன்ற வழக்கம் அது. காதலன் பெயர், குழந்தை பிறந்த நாள், வேத வாசகம் எல்லாம் அவற்றில் உண்டு. பெட்ஃபோர்டில் நடந்த தூக்குத் தண்டனைகளைக் குறித்த பாபின்களும் உண்டு. அந்தப் பெண்களின் வாழ்வு முழுவதும் விரலிடையே இருந்த அந்தக் குச்சிகளில் பதிந்திருக்கிறது என்பதே எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த செய்தி. எலும்பைத் தொட மனமில்லாத வீடுகளில், ஈட்டிப் பாபினின் உடலில் பித்தளைக் கம்பியைப் பதித்துப் பெயரெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பார்வைக்கும் குறைவிராது.

பிடிக்குமோ பிடிக்காதோ தெரியாமல் ஐம்பது பாபின் செய்யச் சொல்லப் பயமாக இருக்கிறது. வீட்டில் இருப்பதைக் கொண்டு தொடங்க முடியாதா? பிளாஸ்டிக்கில் கிடைப்பவை போதுமா? தறிக்காரர்களின் தார்க்குச்சி உதவுமா?
– புதுவயல் வாசகி

ஐம்பது வேண்டவே வேண்டாம். இரண்டு ஜோடியில் சாதாரணப் பின்னல் கயிறு பழகலாம். டார்ஷான் என்ற எளிய வகையில் ஓர் ஓர லேஸுக்குப் பன்னிரண்டு ஜோடி தாராளம். முதல் பயிற்சிக்குச் சீவாத பென்சில்களே போதும், ஒரு முனையில் ரப்பர் பட்டையைச் சுற்றித் தலை உண்டாக்கிக்கொள்ளலாம். தார்க்குச்சிக்குத் தலையும் பள்ளமும் இல்லாததால் சுருக்கு நிற்காது. தறியில் குறுக்காக ஓடும் ஊடை நூலைத் தானாக அவிழ்த்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது அது. நமக்கோ அவிழாமல் நிற்க வேண்டும்.

பிளாஸ்டிக் பாபின் குழந்தைகள் பழக உதவும். ஆனால் இலேசானது, பாலியஸ்டர் நூலோடு சேர்ந்தால் நூலும் பாபினும் இரண்டுமே வழுக்கும். தொடக்கத்தில் பருத்தி நூலும் மரப் பாபினும் வைத்துக்கொண்டால் கை சீக்கிரம் பழகும். குண்டூசிகள் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்கட்டும். ஐப்பசி மழையின் ஈரத்தில் இரும்பு ஊசி துருவேறி, வாரக் கணக்கில் பின்னிய லேஸில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும்.

நூல் சுற்றிய பாபின்களைக் கொட்டானில் போட்டு வைக்கலாமா?
– நெற்குப்பை வாசகி

வைக்கலாம். ஓலை நறுக்கின் முனை நூலில் மாட்டும் என்பதால் உள்ளே மெல்லிய துணி உறை தைத்துக்கொள்ளுங்கள். ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கட்டி வைக்கவும்.

ஆங்கிலேயப் பாபின்களின் அடியில் கண்ணாடி மணி வளையம் தொங்குகிறதே, அது அழகுக்காகவா? எங்கள் வீட்டில் அறுந்துபோன பழைய மணி வேலைப் படத்தின் மணிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.
– கோட்டையூர் வாசகி

அழகும் உண்டு, ஆனால் முதல் காரணம் எடை. இங்கிலாந்தின் மத்தியப் பகுதிப் பாபின் மெலிந்ததாக இருப்பதால் மணி வளையம் அதற்குக் கனம் கூட்டி நூலை இழுத்துப் பிடிக்கிறது. உருண்டையான குச்சி திண்டின்மேல் புரண்டு ஓடாமலும் தடுக்கிறது. கம்பியில் பெரும்பாலும் ஏழு அல்லது ஒன்பது மணிகள். அடியில் நடுவே பெரிய மணி ஒன்று, இரு பக்கமும் பட்டை வைத்த சிறு மணிகள். பட்டை மணி விரலில் வழுக்காமல் நிற்கும். பெல்ஜியப் பாபினுக்கு அடிப்பகுதியே குமிழாகப் பெருத்திருப்பதால் மணி தேவைப்படுவதில்லை.

உங்கள் டப்பாவில் உள்ள பொடி மணிகளை மட்டும் கோத்தால் கனம் போதாது. அறுந்த மாலை ஏதாவது இருந்தால் அதிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி மணியை எடுத்து நடுவில் வைத்து, இரு பக்கமும் பொடி மணிகளை நெருக்கமாகக் கோத்துவிடுங்கள். முன்னதாக மணிகளைச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, விளிம்பு உடைந்தவற்றைக் கழித்துவிட வேண்டும். உடைந்த கண்ணாடி விரலையும் நூலையும் ஒருங்கே அறுக்கும். கம்பி பித்தளையில் இருக்கட்டும்; களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்த்து நன்றாக உலர்த்திய பிறகே திண்டில் வைக்கவும். கம்பியின் இரு நுனிகளையும் முறுக்கி மணித் துளைக்குள்ளேயே மடக்கிச் செருகுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பாபினின் நூலில் மாட்டும்.