ட்ரோன் ஜாமருக்கு ஊர் வசூல்: தாய்மாமன் பங்கு ஐம்பதாயிரமா?

கேள்வி: வணக்கம் சார். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63, பென்ஷன் மாதம் 41,000, நாலு ஏக்கர் நிலம். தங்கை மகன் பட்டாளத்தில் இருக்கிறான், இப்போது மேற்கு எல்லையில். ட்ரோன் தாக்குதலிலிருந்து ஜவான்களைக் காக்க இரண்டு ஜாமர் (ட்ரோனை இயக்குகிற ரேடியோ சிக்னலைத் தடுக்கும் கருவி) வாங்கி அவன் யூனிட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று ஊர்ப் பையன்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் 3 லட்சம் வசூல் தொடங்கியிருக்கிறார்கள். தாய்மாமன் என்பதால் என் பங்கு 50,000 என்று என்னைக் கேட்காமலே குரூப்பில் போட்டுவிட்டார்கள். 5,000 ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மீதிக்கு சொசைட்டியில் நகையை வைத்து விவசாயக் கடன் எடுக்கலாமா, இல்லை இந்த மாதம் முதிர்கிற 4 லட்சம் எஃப்டியிலிருந்து எடுக்கலாமா? தையில் மகள் கல்யாணம். நன்கொடைக்கு 80ஜி பிரிவில் வரிவிலக்கு உண்டு என்கிறார்கள். கொட்டேஷன் படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: மீதி 45,000-ஐ அனுப்பாதீர்கள் சார். நகையையும் எடுக்க வேண்டாம், எஃப்டியையும் தொட வேண்டாம்.

பையன்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. 2025 மே 8-ஆம் தேதி ராத்திரி மட்டும் எல்லை நெடுக 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன் வரை வந்தன என்று அரசே சொன்னது. அதைக் கேட்ட பிறகு எல்லையில் பிள்ளை இருக்கிற வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? இந்த வசூல் யோசனை அவர்களுக்கு உக்ரைன் வீடியோக்களிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே இது நிஜமாகவே நடக்கிறது. 'கம் பேக் அலைவ்' என்று ஒரு அறக்கட்டளை, 2014-இல் தொடங்கியது, ராணுவத் தளவாடம் வாங்கவே அரசிடம் உரிமம் வாங்கி வைத்திருக்கிறது. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்ற கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்புறம், அங்கே இப்போது ஜாமர் மட்டும் போதவில்லை. மயிரிழை போன்ற கண்ணாடி இழைக் கம்பியைப் பல கிலோமீட்டருக்கு அவிழ்த்துவிட்டபடி பறக்கிற ட்ரோன்கள் வந்துவிட்டன, அவற்றுக்கு ரேடியோ சிக்னலே தேவையில்லை, எதை ஜாம் பண்ணுவது? அதனால் சாலைக்கு மேலே பந்தல் போட்ட மாதிரி வலை கட்டுகிறார்கள். பிரான்சில் பிரித்தானி கடற்கரை மீனவர்கள் கழித்துப்போட்ட வலைகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ட்ரோனின் விசிறி வலையில் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நம் நாகப்பட்டினத்து ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள், இதற்கா இவ்வளவு என்று.

ஆனால் அது அந்த நாட்டு நிலவரம். இங்கே ஜாமரைத் தனியார் வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டவிரோதம். அரசு அனுமதி இல்லாமல் விற்கவோ ஆன்லைனில் விளம்பரம் செய்யவோகூட முடியாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. ஆக, பணம் முழுசாகச் சேர்ந்து, பையன்கள் நேர்மையாக நடந்து, பெட்டியும் ஊருக்கு வந்து சேர்ந்தால்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. பெட்டி யார் பெயரில் வருகிறதோ அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யூனிட்டிலும் அதை ஆன் பண்ண விடமாட்டார்கள், எதிரி ட்ரோனோடு சேர்த்து நம் ஆட்களின் வயர்லெஸ்ஸையும் அது அடித்துவிடும். மருமகனுக்கு ஒரு போன் போட்டு, "உங்க ஆபீசர் கேட்டாராடா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கறுப்புப் பெட்டி, 'வீச்சு 3 கி.மீ.' என்று மஞ்சள் எழுத்து, கீழே ஒரு செல்போன் எண். ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முகவரி இல்லை, பில் யார் பெயரில் என்றும் இல்லை. 'முழுப் பணமும் முன்கூட்டியே' என்று மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஊர்ப் பையன்களை ஊருக்கே தெரியும், சரி. அந்தச் செல்போன் எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று அவர்களுக்காவது தெரியுமா?

அடுத்து, பணம் போகிற கணக்கு. ஜிபேயில் உங்களுக்கு வந்த பெயர் ஒரு தனி ஆளின் பெயர்தானே? சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தமாக 50,000-க்கு மேல் வாங்கினால், அந்த முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகக் கணக்கிடப்படலாம். 3 லட்சத்தைத் தன் சேமிப்புக் கணக்கில் வாங்குகிற பையனுக்கு இதை யாராவது சொன்னார்களா? நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் அவன் எந்த நோட்டைக் காட்டுவான்? பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தில் ஐந்நூறு ரூபாய் வைத்தாலும் பெயர், ஊர் எல்லாம் நோட்டில் ஏறிவிடுகிறது. இங்கே 3 லட்சத்துக்கு இருப்பது 'நன்றி மாமா' என்ற ஒரு ஸ்டிக்கர்.

எனக்கும் சூடுபட்ட அனுபவம் உண்டு. 2018-இல் கஜா புயல் அடித்து தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு குழுவுக்குத் தென்னங்கன்று வாங்க 20,000 கொடுத்தேன். கன்று எந்த ஊருக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதச் சொல்கிறவன் அன்றைக்கு ரசீதுகூடக் கேட்கவில்லை, உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்.

80ஜி விஷயம் சுருக்கமாக. தனி ஆளின் கணக்குக்குப் போட்ட பணத்துக்கு 80ஜி கிடையவே கிடையாது. தேசிய பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தால் 100 சதவீதம் கழிவு உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் அதுவும் போச்சு. இதெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லை சார். பென்ஷன் வருடத்துக்கு 4,92,000, விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, எஃப்டி வட்டியைச் சேர்த்தாலும் புதிய முறையின் 12 லட்சம் வரம்புக்கு வெகு கீழே நிற்கிறீர்கள். கட்டாத வரியில் என்னத்தைச் சேமிப்பது!

நகைக்கடன் பற்றிக் கேட்டீர்கள். சாகுபடிக்கு என்று குறைந்த வட்டியில் கொடுக்கிற கடனை நன்கொடைக்குத் திருப்புவது முறையில்லை, அது ஒருபக்கம். தையில் கல்யாணம், பெண்ணின் நகையை சொசைட்டி லாக்கரில் வைத்துவிட்டு, சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, அந்தப் பணம் கணக்கில் ஏறினால்தான் மீட்கலாம் என்று எந்த நம்பிக்கையில் திட்டம் போடுகிறீர்கள்? ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடன் வாங்கி தர்மம் செய்யாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

பட்டாளத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது. தேசிய பாதுகாப்பு நிதி 1962-இலிருந்து இருக்கிறது, பிரதமர் தலைமையிலான குழு நிர்வகிக்கிறது, படைவீரர்கள், அவர்கள் குடும்பங்களின் நலனுக்குச் செலவாகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் போர்க்காய நல நிதி ஒன்று தனியாக உண்டு, சண்டையில் உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கும் படுகாயம் அடைந்தவர்களுக்கும் போகும். இரண்டுமே ஆயுதமோ கருவியோ வாங்குவதற்கு அல்ல, அதை வாங்குவது நம் வரிப்பணத்தில் அரசின் வேலை. 2025 ஏப்ரலில் 'ராணுவத்தை நவீனமாக்க அரசு கணக்கு தொடங்கியிருக்கிறது, தினம் ஒரு ரூபாய் போடுங்கள்' என்ற ரீதியில் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றி, அது தவறானது என்று பாதுகாப்பு அமைச்சகமே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. அதனால் குரூப்பில் வருகிற லிங்க்கை அழுத்தாமல், அரசு இணையதளத்துக்கு நீங்களே போய்ப் பணம் கட்டுங்கள். ஆன்லைன் ஒத்துவராது என்றால் டிசம்பர் 7 கொடி நாள், கலெக்டர் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தொகை? உங்கள் நிலைமைக்கு 5,000 தாராளம், பென்ஷனிலிருந்து, கல்யாணம் முடிந்த பிறகு.

இனி குரூப்பில் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்குச் சங்கடம், அது தெரிகிறது. தாய்மாமன் கடமை காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் உண்டு, ஜாமருக்கு இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். வாத்தியார் பேச்சுக்கு ஊரில் இன்னமும் மரியாதை இருக்கும். அந்த நாலு பையன்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, மேலே எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். இதுவரை வசூலானதை அவரவருக்குத் திருப்பிக் கொடுக்கட்டும், அல்லது எல்லோரும் சம்மதித்தால் பெயர்ப் பட்டியல் எழுதி ஊர் பெயரில் பாதுகாப்பு நிதிக்கு டிடி எடுக்கட்டும். அட்வான்ஸ் என்று அந்தச் செல்போன் எண்காரருக்கு ஏற்கெனவே பணம் போயிருந்தால் தயங்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கடைசியாக அந்த எஃப்டி: முதிர்ந்ததும் தானாகவே இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கும்படி போட்டிருக்கிறதா என்று வங்கியில் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் மாற்றி, தைக்கு முன்னால் முடிகிற மாதிரி குறுகிய காலத்துக்குப் போடுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கேட்கிற நேரத்தில் எஃப்டியை உடைத்து வட்டியை இழக்க வேண்டாம்.